தோலை உரிக்கிற மருந்து

இந்தக் குளிர் முடியற வரைக்கும் ஒரு கரண்டியைக்கூடக் கழுவுறதில்லைன்னு தீர்மானம் போட்டேன். ஏகமனதா நிறைவேறுச்சு. அந்த நேரத்துல வீட்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன்.

சும்மா போடல. நான் சட்டம் படிக்கிறவன். காரணம் இல்லாம கொட்டாவிகூட விடமாட்டேன். என் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில பச்சைக் குழந்தைங்க வார்டுல நர்ஸ். வேலைக்குப் போறது அவ. காலேஜ் நேரம் போக மீதி நேரம் புஸ்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு வீட்ல கிடக்கறது நான். கல்யாணமான புதுசுல ஒரு ஒப்பந்தம் பண்ணிக்கிட்டோம். சமையல் அவ, பாத்திரம் நான். ஏன்னா வார்டுல ஒரு குழந்தையைத் தொடறதுக்கு முன்னாடியும் கை கழுவணும், தொட்ட பிறகும் கழுவணும். "வீட்லயும் தண்ணியில கையை விட்டா எனக்குன்னு கையே மிஞ்சாதுங்க"ன்னா. நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டிட்டேன்.

எப்ப ஆட்டினேன்? கோடையில! குழாயைத் திறந்தாலே சொர்க்கம் கொட்டுன காலத்துல! இப்பத் திறந்து பாருங்க. தண்ணியா வருது? ஊசி வருது! ஒவ்வொரு சொட்டுக்கும் முனை இருக்கு. அதுல நெய் பிடிச்ச சட்டியைத் தேய்ச்சா விரல் பத்தும் பத்து திசையில ஓடுது. கையைத் துடைச்சுட்டுப் பாத்தா சாம்பல்ல புரண்ட பல்லி மாதிரி இருக்கு. சொறிஞ்சா வெள்ளைக் கோடு விழுது. அதுல கையெழுத்தே போடலாம்!

அன்னிக்கு அவ டூட்டி முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள வழக்கை எடுத்துட்டேன்.

"ஒரு முக்கியமான விஷயம்."

"முதல்ல உள்ள வரட்டுமா, இல்ல வாசல்லயே விசாரணையா?"

"நம்ம பாத்திர ஒப்பந்தம் செல்லாது."

"ஏனாம்?"

"கோடையில போட்ட ஒப்பந்தம். சூழ்நிலை தலைகீழா மாறிப்போச்சு. எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காது."

"அப்ப கோடையிலதான் கல்யாணமும் ஆச்சு. அதுவும் செல்லாதா?"

இவகிட்ட இதுதாங்க பிரச்சினை. சட்டம் படிக்கிறது நான், குறுக்கு விசாரணை பண்றது அவ!

"பேச்சை மாத்தாத. என் கையைப் பாரு. இதெல்லாம் ஒரு மனுஷன் கையா?"

வாங்கிப் பாத்தா. திருப்பிப் பாத்தா. காய்கறிக் கடையில கத்திரிக்காயைப் பாக்கற மாதிரி பாத்துட்டுக் கீழ வச்சா.

"காஞ்சிருக்கு. அவ்வளவுதான். வெதுவெதுன்னு தண்ணி வச்சுக்கோங்க. ரப்பர் கிளவுஸ் போட்டுக்கோங்க. முடிச்ச உடனே ஈரம் காயறதுக்குள்ள களிம்பு பூசுங்க. ஒரு வாரத்துல சரியாயிடும்."

"களிம்பா? நானா? குளிர் வந்தா தோல் காயும். அது இயற்கை. அதுமேல டப்பா டப்பாவா எதையாவது அப்பச் சொல்லி உலகத்தையே ஏமாத்திட்டிருக்காங்க. நான் ஏமாற மாட்டேன்!"

"அப்பப் பூசாதீங்க."

"பூச மாட்டேன்!"

"சரி."

"சரின்னா என்ன அர்த்தம்? மறுத்துப் பேசு!"

அவ மறுக்கல. தன் கைய நீட்டிக் காமிச்சா. விரல் முட்டியெல்லாம் செவந்து, ரெண்டு இடத்துல லேசாக் கீறல் விட்டிருந்துச்சு. "இதுக்கு மேல வெடிச்சா குழந்தைங்களைத் தொடக்கூடாதுன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க. ஸ்டோர் ரூம்ல உக்கார வச்சு பஞ்சு எண்ணச் சொல்லுவாங்க. நான் பஞ்சு எண்றதுக்காங்க இத்தனை வருஷம் படிச்சேன்?"

அது உருக்கமான வாதம்தான். ஆனா உருக்கத்துக்கெல்லாம் உருகினா வக்கீல் ஆக முடியுமா?

"உன் கை உனக்கு, என் கை எனக்கு. நடுவுல ஒரு நடுநிலையான ஆளு வேணும். தோல் டாக்டர்கிட்டப் போவோம். என் கையில தண்ணி படக்கூடாதுன்னு அவங்க எழுதிக் குடுத்துட்டா?"

"எழுதிக் குடுத்தா குளிர் முடியற வரைக்கும் பாத்திரம் நான் கழுவறேன். இந்தக் கையோடயே. குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா இந்தக் குளிருக்கு மட்டுமில்ல, வர்ற குளிருக்கும் நான்தான். போதுமா?"

"வர்ற செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. டாக்டரம்மாகிட்ட நேரம் வாங்கறேன். எங்க ஆஸ்பத்திரிதான்."

"ஆஹா! உனக்கு வேண்டியவங்களா?"

"அவங்க மாமியாருக்கே பொய்ச் சீட்டு குடுக்காதவங்க. வேணும்னா விசாரிச்சுக்கோங்க."

விசாரிச்சேன். உண்மைதான்.

ஆக, செவ்வாய்க்கிழமைக்குள்ள என் கை நாசமாகணும். அதுதான் திட்டம். உடம்பெல்லாம் பரபரன்னு ஆயிடுச்சு! பரீட்சைக்குக்கூட நான் இப்படித் தயாரானதில்லை.

போன்ல தேடினேன். ஒரு அம்மா வீடியோ போட்டிருந்தாங்க. குளிர்காலத்துல தோலைக் காப்பாத்த என்னென்ன செய்யக்கூடாதுன்னு பொறுமையா, சிரிச்ச முகமா, விளக்கமா சொன்னாங்க. நான் எல்லாத்தையும் செஞ்சேன்.

கொதிக்கிற தண்ணியில குளிக்காதீங்கன்னாங்க. குளிச்சேன். சிவப்பா வெளிய வந்தேன், வேகவச்ச கிழங்கு மாதிரி. ஹீட்டருக்கு நேரா உக்காராதீங்கன்னாங்க. அதைக் கட்டிப் பிடிக்காத குறையா உக்காந்தேன். தாகம் எடுக்கலைன்னாலும் தண்ணி குடிங்கன்னாங்க. எடுத்தும் குடிக்கல. துணி துவைக்கிற சோப்பால கை கழுவாதீங்கன்னாங்க. அந்தக் கட்டியே என் சோப்பு டப்பாவுக்குக் குடி வந்துடுச்சு. உதட்டை நக்காதீங்கன்னாங்க. கைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னாலும், யாரோ ஒருத்தர் செய்யாதன்னு சொல்றப்ப எப்படிங்க செய்யாம இருக்கறது?

பலன் கிடைச்சுது. தப்பான இடத்துல கிடைச்சுது! உதடு பாளம் பாளமா வெடிச்சுது. மூக்கு நுனி உரிஞ்சுது. முழங்காலைச் சொறிஞ்சா மாவு கொட்டுச்சு. சிரிச்சா உதடு கிழியுதுன்னு சிரிக்கறதையே விட்டேன். காலேஜ்ல புரொபசர் கூப்பிட்டு, "இப்பதாம்ப்பா உனக்குப் பொறுப்பு வந்திருக்கு"ன்னாரு. அதுக்கும் என்னால சிரிக்க முடியல.

ஆனா கை? கை மட்டும் ஒத்துழைக்க மாட்டேங்குது! காயுது, வெளுக்குது, அத்தோட நின்னுக்குது. இந்தக் கையைக் கொண்டுபோனா டாக்டர் சீட்டு தரமாட்டாங்க, திட்டுதான் தருவாங்க.

அதனால பால்கனியில போய் நின்னேன். வாடைக் காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. உடம்பை மூணு போர்வையில சுத்திக்கிட்டு, ரெண்டு கையை மட்டும் கம்பிக்கு வெளிய நீட்டினேன்.

பின்னால குரல். "என்ன பண்றீங்க?"

"காத்து வாங்கறேன்."

"கையால மட்டுமா?"

"மூச்சுக்குத்தான் மூக்கு வேணும். காத்து வாங்கக் கை போதும்."

"கையில யாராவது காசு போட்டுடப் போறாங்க. உள்ள வாங்க."

சிரிச்சுக்கிட்டே போயிட்டா. அந்தச் சிரிப்பை அன்னிக்கே நான் சந்தேகப்பட்டிருக்கணும். படல. கை விறைச்சுப் போயிருந்ததால மூளையும் விறைச்சிருக்கும்.

மறுநாள் காலையில மாடிப்படியில மேல் வீட்டு பெயிண்டர் அண்ணன் இறங்கி வந்தாரு. கைப்பிடியில அவர் கை. அப்பா! என்ன ஒரு கை! முதலையோட முதுகை வெட்டி ஒட்டின மாதிரி! கோடு கோடா வெடிப்பு, வெடிப்புக்குள்ள பச்சைப் பெயிண்ட், பச்சைக்குள்ள பழைய நீலம். ஒரு டாக்டர் பாத்தா அழுதுடுவாங்க. எனக்குப் பொறாமை தாங்கல.

"அண்ணே, இப்படி ஒரு கை எப்படிண்ணே கிடைச்சுது?"

"கிண்டலா தம்பி?"

"சத்தியமா இல்லண்ணே. எனக்கு செவ்வாய்க்கிழமைக்குள்ள இப்படி ஒரு கை வேணும்."

அவரு என்னை மேல இருந்து கீழ பாத்தாரு. போர்வை, வெடிச்ச உதடு, உரிஞ்ச மூக்கு. "படிப்பு ஜாஸ்தியாயிடுச்சா தம்பி?"

எல்லாத்தையும் சொன்னேன். ஒப்பந்தம், டாக்டர், சீட்டு, எல்லாம். ஆம்பளைக்கு ஆம்பளை மனசு விட்டுப் பேசிட்டேன். "வெளிய சொல்லிடாதீங்கண்ணே. முக்கியமா எங்க வீட்ல."

"சேச்சே! நான் ஏன் தம்பி சொல்லப் போறேன்? எங்க தொழில்ல ஒரு சரக்கு இருக்கு. வீட்ல கிடக்கான்னு தேடிப் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

அன்னிக்குச் சாயங்காலம் மாடிப்படி திருப்பத்துல அவரும் என் பொண்டாட்டியும் நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. என்னைப் பாத்ததும் ரெண்டு பேரும் டக்குனு நிறுத்தினாங்க.

"என்ன பேச்சு?"

"மேல குழாய் ஒழுகுதாம்"னா அவ.

"ஆமா தம்பி, ஒழுகுது"ன்னாரு அவரு.

குழாய் ஒழுகறது சகஜம்தானேன்னு நானும் விட்டுட்டேன்.

மறுநாள் அவ வேலைக்குக் கிளம்பினதும் கதவைத் தட்டினாரு. கையில ஒரு நசுங்கின தகர டப்பா. மேல ஒரு பேரும் இல்ல. தகரத்துல பழைய டர்பென்டைன் நாத்தம் மூக்கைத் துளைச்சுது. மூடியைத் திறந்தா உள்ள கெட்டியா, வெள்ளையா ஏதோ இருந்துச்சு.

"என்னண்ணே இது?"

"தோலை உரிக்கிற மருந்து. பழைய கதவுல பெயிண்டை உரிக்கிறோம்ல, அதோட தம்பி மாதிரி. மெதுவா வேலை செய்யும். ஆனா உரிச்சுடும்."

"சூப்பர்ண்ணே! எப்படிப் பூசணும்?"

அண்ணன் மேல கூரையைப் பாத்தாரு. பள்ளிக்கூடத்துல பாட்டு ஒப்பிக்கிற பையன் மாதிரி கண்ணை மூடிக்கிட்டாரு.

"கையை வெதுவெதுன்னு தண்ணியில கழுவணும். கொதிக்கக் கூடாது. துணி சோப்பு கூடவே கூடாது. அப்புறம்... என்ன சொன்னாங்க... ஆங், துண்டால தேய்க்கக் கூடாது. ஒத்தி எடுக்கணும். லேசா ஈரம் இருக்கறப்பவே பூசணும். தாராளமா, ரெண்டு வேளை பூசணும். பூசிட்டுப் பருத்தித் துணி உறை ஏதாவது மாட்டிக்கணும். காத்து பட்டா காரம் போயிடும். பாத்திரம் தேய்க்கிறப்ப அதுக்கு மேல ரப்பர் கிளவுஸ். தண்ணி பட்டாலும் காரம் போயிடும்."

"'சொன்னாங்க'ன்னீங்களே, யாரு சொன்னாங்க?"

கண்ணைத் திறந்தாரு. "என் குரு."

"பெரிய ஆளா?"

"ரொம்பப் பெரிய ஆளு தம்பி"ன்னு சொல்லிட்டு, ஏனோ வேகமா படியேறிட்டாரு.

அன்னிக்கு மத்தியானமே ஆரம்பிச்சேன். அவ திரும்பி வர்ற நேரத்துக்கு டப்பா மேஜை மேல இருந்துச்சு. நானே மறந்துட்டேன். பாத்ததும் கத்தினா பாருங்க!

"ஐயையோ! இது பெயிண்டர் வச்சிருக்கற மருந்தாச்சே! இதையா கையில பூசறீங்க?"

"ஆமா. என்ன இப்ப?"

"தோல் பிஞ்சு போயிடும்ங்க! தூக்கிப் போடுங்க! சொல்றதைக் கேளுங்க, ஒரு வேளைகூடப் பூசக் கூடாது!"

"கூடாதா? கூடாதுன்னு சொல்ல நீ யாரு? என் கை! என் தோல்! என் உரிமை!"

"அப்படி இல்லீங்க..."

"அப்படித்தான்! ரெண்டு வேளை பூசறதா இருந்தேன். இனிமே மூணு வேளை!"

அவ முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அறைக்குள்ள ஓடிட்டா. தோள் ரெண்டும் குலுங்குச்சு. அழறான்னு நெனச்சேன். மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா ஜெயிக்கிறவன் பின்னால திரும்பிப் பாக்கக் கூடாது.

மூணு வேளைன்னா மூணு வேளை! உலகத்துல எந்த நோயாளியும் இவ்வளவு ஒழுங்கா மருந்து பூசியிருக்க மாட்டான். வெதுவெதுன்னு கழுவுவேன். குழந்தையைத் துடைக்கிற மாதிரி ஒத்தி எடுப்பேன். ஈரத்தோட அப்புவேன். விரல் இடுக்கு, நகக்கண்ணு, மணிக்கட்டு, ஒரு இடம் விடறதில்லை. உறைக்கு எங்க போறது? அவளோட பருத்தி சாக்ஸ் ரெண்டு கிடைச்சுது. முயல் பொம்மை போட்டது. கையில மாட்டிக்கிட்டேன்.

அந்த சாக்ஸோட புஸ்தகத்தைப் புரட்டிப் பாருங்க, தெரியும். பத்தாம் பக்கத்துல இருந்து நேரா நூத்திப் பத்தாம் பக்கம்! குற்றம் இங்க இருக்கும், தண்டனை அங்க இருக்கும். நடுவுல விசாரணையே கிடையாது. காலேஜ்ல புரொபசர், "இதுக்கு யாருக்குப் பதில் தெரியும்?"னாரு. கையைத் தூக்கினேன். வகுப்பே முயலைப் பாத்துச்சு.

"அது என்னப்பா கையில?"

"சாட்சியம் சார். கோர்ட்டுக்குப் போற வரைக்கும் திறக்கக் கூடாது."

"வெளிய போ"ன்னாரு. போனேன். அநியாயம்! அதுக்கு நான் எழுதின கண்டனக் கடுதாசி தனிக் கதை. சாக்ஸைப் போட்டுக்கிட்டு எழுதினதால அவரால படிக்க முடியலையாம்.

தீர்ப்பு வர்ற வரைக்கும் பழைய ஒப்பந்தம்தானே, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பாத்திரமும் தேய்ச்சேன். சாக்ஸ் மேல ரப்பர் கிளவுஸ். ஊசித் தண்ணி உறைக்கவே இல்லைங்க. அதை நான் என்னன்னு எடுத்துக்கிட்டேன் தெரியுமா? கை மரத்துப் போச்சு, தோல் செத்துக்கிட்டிருக்குன்னு எடுத்துக்கிட்டேன். சந்தோஷத்துல பாட்டு வந்துச்சு!

ஒவ்வொரு வேளையும் சாக்ஸைக் கழட்டிப் பாப்பேன். கை முழுக்க வெள்ளையா, திட்டுத் திட்டா, சுவத்துல சுண்ணாம்பு பொரிஞ்ச மாதிரி இருக்கும். ஆகா! உரியுது! உரிஞ்சுக்கிட்டே இருக்கு! மறுபடியும் வெள்ளையா எதையோ அப்புவேன். மறுபடியும் வெள்ளையா இருக்கும். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தம் இருக்குமோன்னு ஒரு தடவைகூடத் தோணல பாருங்க. நான் வகுப்புல முதல் மார்க்கு.

"வலிக்குதாங்க?"ன்னு கேப்பா அவ.

"கொல்லுது!"ன்னுவேன். உண்மையில சுகமா இருக்கும். மருந்தோட வீரியம் அப்படின்னு வியந்துக்குவேன்.

"விட்டுடுங்களேன், ப்ளீஸ்."

"சாகற வரைக்கும் விடமாட்டேன்!"

செவ்வாய்க்கிழமை வந்துச்சு! விடியறப்பவே முழிச்சிட்டேன். கடைசி வேளை மருந்தை டப்பாவோட அடி வரைக்கும் சுரண்டிப் பூசினேன். சாக்ஸ் மாட்டினேன். கோட்டு போட்டேன். கண்ணாடியில பாத்தா முதல் கேஸுக்குப் போற வக்கீல் மாதிரியே இருந்தேன், முயலைத் தவிர.

ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தப்ப மனசுக்குள்ள வாதத்தை ஒத்திகை பாத்தேன். பக்கத்துல அவ அமைதியா, கம்பளிக் கிளவுஸ் போட்ட கையை மடியில வச்சு உக்காந்திருந்தா. தோத்துப் போறவங்க அப்படித்தான் இருப்பாங்கன்னு இரக்கப்பட்டேன்.

டாக்டரம்மா நடு வயசு. மூக்குக் கண்ணாடிக்கு மேல பாக்கற ரகம்.

"என்ன பிரச்சினை?"

எந்திரிச்சு நின்னேன்.

"உக்காந்தே சொல்லலாம்."

"நின்னாதான் டாக்டர் வேகம் வரும். இந்தக் கை பாத்திரம் கழுவிக் கழுவி பாழாப் போன கை. இதுல இனி ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் என்ன ஆகும்னு நீங்களே சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்கோங்க!"

முயல் ரெண்டையும் உருவினேன். கையை மேஜை மேல வச்சேன். வெள்ளை வெளேர்னு, திட்டுத் திட்டா... அற்புதமா இருந்துச்சு! நானே ஒரு நிமிஷம் பயந்துட்டேன்.

டாக்டரம்மா முன்னால சாஞ்சாங்க. மோந்து பாத்தாங்க. ஒரு பஞ்சை எடுத்தாங்க. தண்ணியில நனைச்சாங்க.

"டாக்டர், தண்ணி! தண்ணி படக் கூடாதுன்னுதானே...!"

இழுத்தாங்க ஒரு இழுப்பு. வெள்ளை மொத்தமும் பஞ்சோட போயிடுச்சு.

கீழ ஒரு கை இருந்துச்சு. என் கை இல்ல. என் கைக்கு அவ்வளவு அழகு கிடையாது! ரோஜாப்பூ நிறத்துல, வழவழன்னு, மெத்து மெத்துன்னு, பொறந்து தொட்டில்ல போட்ட குழந்தையோட கை. ஒரு கோடு இல்ல, ஒரு வெடிப்பு இல்ல. மேஜை விளக்கு வெளிச்சத்துல மின்னுச்சு!

"நர்ஸ் அம்மா, இங்க வாங்க"ன்னு உள் அறையில இருந்த இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாங்க. "இந்தக் கையைத் தொட்டுப் பாருங்க. இந்தக் குளிர்ல இப்படி ஒரு கையை நான் பாத்ததில்லை."

வந்த நர்ஸ் தொட்டுப் பாத்தாங்க. அவங்க இன்னொருத்தரைக் கூப்பிட்டாங்க. கொஞ்ச நேரத்துல என் கை சந்தையில வச்ச மாதிரி ஆயிடுச்சு.

"தினமும் பாத்திரமா கழுவறீங்க?"ன்னாங்க டாக்டரம்மா.

"...ஆமா."

"எப்படிக் கழுவறீங்க?"

"கிளவுஸ் போட்டு. வெதுவெதுன்னு. அப்புறம் ஒத்தி எடுத்து, ஈரத்தோட மருந்து பூசி, பருத்தி உறை மாட்டி..." சொல்லிக்கிட்டே வர்றப்ப என் குரல் எனக்கே சின்னதாக் கேட்டுச்சு.

"பிரமாதம்! நான் எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஒருத்தரும் கேக்கறதில்லை. உங்களை மாதிரி சொன்னபடி கேக்கற ஆளை நான் பாத்ததே இல்லை! தாராளமா கழுவுங்க. நல்லா கழுவுங்க. உதட்டுக்கும் கொஞ்சம் அதையே பூசுங்க, அதை ஏன் விட்டீங்க?"

சொன்னபடி கேக்கற ஆள். நான்! என்னை இப்படி ஒருத்தரும் அவமானப்படுத்தினதில்லை!

"டாக்டர், அது பெயிண்ட் உரிக்கிற மருந்து!"

"யார் சொன்னா? துத்தநாகக் களிம்பு. குழந்தைங்களுக்குப் பூசறது. வாசனையே காட்டிக் குடுக்குதே."

மெதுவாத் திரும்பினேன். என் பொண்டாட்டி ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டிருந்தா. ஜன்னல்ல திரை போட்டிருந்துச்சு. திரையில அப்படி என்ன ரசிக்கிறதுக்கு இருந்துச்சோ!

"நீங்களும் வந்தது வந்தீங்க, கையைக் காமிங்க"ன்னாங்க டாக்டரம்மா.

அவ கம்பளியைக் கழட்டினா. முட்டி முட்டியா வெடிச்சிருந்துச்சு. ஒரு வெடிப்புல ரத்தம் உறைஞ்சிருந்துச்சு. அன்னிக்கு வாசல்ல பாத்தப்ப லேசான கீறல்தான். நடுவுல நான் அந்தக் கையைப் பாக்கவே இல்ல. என் கையைப் பாக்கறதுல அவ்வளவு மும்முரம்.

"பூசறதில்லையா நீங்க?"

"பூசறேன் டாக்டர். வார்டுக்குப் போனா கழுவிக் கழுவிப் போயிடுது. இதுல என் களிம்பு கொஞ்சம் வேற ஒருத்தருக்கும் போகுது."

"வார்டுல கழுவறதை நிறுத்த முடியாது. வீட்லயாவது தண்ணி படக்கூடாது. எழுதித் தர்றேன்."

எழுதினாங்க. கையெழுத்துப் போட்டாங்க. முத்திரை குத்தினாங்க. நான் கேட்டு வந்த அதே சீட்டு! ஒரு எழுத்து மாறல. பேரு மட்டும்தான் வேற.

அந்தக் கையைப் பாத்த பிறகு எனக்கு வாதம் எதுவும் வரல. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டின பிறகுதான் வந்துச்சு. அப்புறம் அணை உடைஞ்ச மாதிரி வந்துச்சு.

"மோசடி! அப்பட்டமான மோசடி! கூட்டுச் சதி! மேல் வீட்டுக்காரனுக்கும் பங்கு! என் சம்மதம் இல்லாம எனக்கு வைத்தியம்! உன்மேல நான் கேஸ் போடுவேன்!"

"போடுங்க. ஒரே ஒரு கேள்வி. அந்த மருந்தைப் பூசாதீங்கன்னு நான் சொன்னேனா, இல்லையா?"

"...சொன்ன."

"கெஞ்சினேனா, இல்லையா?"

"கெஞ்சின."

"அப்ப நீங்களாத்தானே பூசினீங்க? அதுவும் மூணு வேளை. நான் ரெண்டு வேளைன்னுதான் அண்ணன்கிட்டச் சொல்லி விட்டேன்."

எந்த நீதிபதி முன்னால போனாலும் என் கேஸ் நிக்காது. தெருவுல போறவங்க எல்லாம் கேக்கற மாதிரி அடுத்த தெரு வரைக்கும் கத்தினேன். அது வேற, வழக்கு வேற.

மாடிப்படியில பெயிண்டர் அண்ணன் நின்னுக்கிட்டிருந்தாரு. என் முகத்தைப் பாத்ததும், "தம்பி, குழாய் ஒழுகுது, பாத்துட்டு வந்துடறேன்"னு மேல ஓடிட்டாரு.

கோபம்னா கோபம், அப்படி ஒரு கோபம்! கதவைத் திறந்தேன். நேரா சமையலறையில போய் நின்னேன். தொட்டி நிறைய பாத்திரம். காலையில அவசரமா போட்டுட்டுப் போனது. மேல உச்சியில பால் காய்ச்சின சட்டி, அடிப்பிடிச்சு, கருகி, என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. தொடறதா? இன்னிக்கா? இவ்வளவு நடந்த பிறகா? கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். ஒரு பூகம்பமே வந்தாலும் அவிழ்க்கறதில்லைன்னு முடிவு!

அவ பின்னாலயே வந்தா. என் முகத்தைப் பாத்தா. தொட்டியைப் பாத்தா. பெருமூச்சு விட்டா.

"இன்னிக்கு ஒரு நாள் நீங்க பாத்திரத்தைத் தொடாதீங்க."

"என்ன?"

"தொடாதீங்கன்னேன். உங்களுக்கு மனசு சரியில்லை. நானே எப்படியோ பாத்துக்கறேன். அந்தப் பால் சட்டியெல்லாம் உங்களால ஆகற வேலையும் இல்லை."

"என்னால ஆகாதா?"

"ஆகாதுங்க. சொல்றதைக் கேளுங்க. பேசாம போய் உக்காருங்க."

"ஏய்! எனக்கு உத்தரவு போடறியா? தொடக் கூடாதுன்னு சொல்ல நீ யாரு? தள்ளு! தள்ளுங்கறேன்! எங்க அந்த கிளவுஸு?"

அவ எடுத்துக் குடுத்தா. மாட்டினேன். என்ன தேய்ப்புங்கறீங்க! கோபத்தை எல்லாம் அந்த அடிக் கருக்குல காமிச்சேன்! அவ பக்கத்து அறையில கால் நீட்டி உக்காந்து, நிதானமா தன் கையில களிம்பு பூசிக்கிட்டு, "வேணாங்க, விட்டுடுங்க"ன்னு அப்பப்போ குரல் குடுத்துக்கிட்டே இருந்தா. அவ குடுக்கக் குடுக்க நான் இன்னும் வேகமாத் தேய்ச்சேன்.

கடைசியில பால் சட்டி கண்ணாடி மாதிரி பளபளன்னு ஆனப்பதான், அதுக்குள்ள ஒரு மூஞ்சி என்னைப் பாத்து உதடு கிழியச் சிரிச்சுது.